மருத்துவக் கஞ்சா அட்டை: விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன் படிக்க வேண்டியது

நம் ஊரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைச் சென்னையிலும் நீட்டலாம், மதுரையிலும் நீட்டலாம். நீங்கள் எந்த மாவட்டத்துக்காரர் என்று மருந்துக் கடைக்காரர் கேட்பதில்லை. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அந்தப் பழக்கத்தோடு மருத்துவக் கஞ்சா விஷயத்தில் இறங்க வேண்டாம். அப்படி இறங்கிய என் தங்கை கணவர், மனைவியையும் நான்கு வயது மகளையும் பிலடெல்பியாவுக்கு அருகே விட்டுவிட்டுப் பதினோரு மாதம் திருச்சியில் உட்கார்ந்திருந்தார்.

நடைமுறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. பல மாநிலங்கள் தம் சட்டப்படி கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. ஆனால் 1970-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள், மத்திய அரசின் மருந்து ஒப்புதலும் அதற்கு இல்லை என்பதால், மருத்துவர் அதற்கு மருந்துச் சீட்டு எழுத முடியாது. இன்ன நோய் இவருக்கு இருக்கிறது என்று சான்று மட்டும் அளிப்பார். பெரும்பாலான மாநிலங்களில் அந்தச் சான்றை வைத்துப் பதிவு செய்து, கட்டணம் கட்டினால் அட்டை வரும். அதைக் கொண்டுபோய் டிஸ்பென்சரி எனப்படும், மாநில உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் வாங்கலாம். (இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று பழகிய நமக்கு, கண்ணாடிக் கதவும் வாசலில் காவலாளியுமாக இருக்கும் இந்தக் கடைக்கும் அதே பெயர் என்பது முதலில் சற்றுக் குழப்பமாகத்தான் இருக்கும்.) மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தராது.

யாருக்குத் தகுதி உண்டு என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு. கலிஃபோர்னியாவில் 1996-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் சில நோய்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, கஞ்சாவால் நிவாரணம் கிடைக்கும் வேறெந்த நோயும் சேரும் என்று கதவைத் திறந்தே வைத்தது. ஓக்லஹோமாவில் 2018-இல் வந்த சட்டத்தில் நோய்ப் பட்டியலே கிடையாது. நியூயார்க் 2014-இல் பட்டியலோடு தொடங்கி, 2021-இல் சட்டத்தை மாற்றி, 2022 தொடக்கத்திலிருந்து முடிவை மருத்துவரிடமே விட்டுவிட்டது. டெக்சாஸோ 2015-இல் கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்கு மட்டும் அனுமதி தந்து, 2021-இல் எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்து, நாள்பட்ட வலியைச் சேர்க்க 2025 வரை எடுத்துக்கொண்டது. அங்கே அட்டை என்று ஒன்றும் தருவதில்லை, மாநிலப் பதிவேட்டில் மருத்துவரே பெயரை ஏற்றுவார். ஐடஹோவில் இப்படி ஒரு திட்டமே இல்லை. ஆகவே, டாலஸில் இருக்கும் நண்பருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்றோ, கிடைக்காதது உங்களுக்கும் கிடைக்காது என்றோ கணக்குப் போடாதீர்கள்.

என் தங்கை கணவருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒற்றைத் தலைவலி. வலி வந்துவிட்டால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஈரத் துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு, குக்கர் விசில்கூடக் கேட்கக் கூடாது என்று படுத்துவிடுவார். எடிசனில் குடியிருந்தபோது, நியூஜெர்சியின் பட்டியலில் 2018-இல் ஒற்றைத் தலைவலியைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்ததால், அவருக்கு அட்டை எளிதாகக் கிடைத்தது. பிறகு வேலை மாறி, டெலவேர் ஆற்றைக் கடந்து, பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பாலத்தைத் தாண்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் பழைய அட்டை அந்தக் கரையில் செல்லாது. நெவாடா போன்ற சில மாநிலங்கள் வெளிமாநில அட்டையை ஏற்கின்றன, பென்சில்வேனியா ஏற்பதில்லை. அந்த மாநிலத்து ஓட்டுநர் உரிமமோ அடையாள அட்டையோ வாங்கிய பிறகுதான் அங்கே பதிவே செய்ய முடியும். அதைவிடப் பெரிய சிக்கல், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மாநிலம் வைத்திருக்கும் பட்டியலில் ஒற்றைத் தலைவலி என்ற பெயரே இல்லை. பதற்ற நோய்கள் இருக்கின்றன, 2019-இல் சேர்த்தார்கள். கடுமையான நாள்பட்ட வலி இருக்கிறது. அந்த வலிக்குள் தம் தலைவலியை அடக்கிக் காட்ட, பழைய ஸ்கேன்களையும் நரம்பியல் மருத்துவரின் குறிப்புகளையும் திரட்டி மூன்று மாதம் அலைந்தார். புதிய அட்டை வந்த அன்று, “மச்சான், எல்லாம் சட்டப்படி முடிந்துவிட்டது” என்று தொலைபேசியில் சொன்னார். நானும் மகிழ்ந்துதான் போனேன்.

2022-இல் தந்தையின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு, எச்-1பி வேலை விசாவில் திரும்பி வந்தவரை விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்துச் சென்றார்கள். பணப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கச் சொன்னார்கள். பான் கார்டு, நூலக அட்டை, மருதமலை முருகன் படம், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கஞ்சா அட்டைகள். பயன்படுத்தியது உண்டா என்று அதிகாரி கேட்டார். இவர் சற்றே பெருமையோடு, ஆம், மருத்துவர் சொல்லித்தான், இரண்டு மாநிலங்களிலும் முறையாகப் பதிவு செய்துதான் என்றார். எத்தனை நாளாக, எங்கே வாங்கினார் என்பதையெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்து, படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதம் அலைந்து சேர்த்த மருத்துவக் குறிப்புகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பிப் போனார்.

எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. மாநிலம் தரும் தகுதி மாநிலத்துக்குள் மட்டும்தான். குடிவரவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது, அந்தச் சட்டத்தின் கண்ணில் மாநில அட்டை வெறும் பிளாஸ்டிக். போதைப்பொருள் சட்டத்தை மீறியதாக நீதிமன்றம் தண்டித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மீறியதாக நாமே வாயால் ஒப்புக்கொண்டாலே நுழைவை மறுக்கலாம். சொந்த உபயோகத்துக்காக 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவை வைத்திருந்ததாக ஒரே ஒரு முறை தண்டனை பெற்றவருக்கு நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு என்று வாட்ஸ்அப் குழுக்களில் பலர் எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனால் நாட்டுக்குள் நுழையும்போது அந்த விலக்கு தானாகக் கிடைப்பதில்லை. கிரீன் கார்டு கையில் இருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது: மாநிலச் சட்டப்படியே பயன்படுத்தியிருந்தாலும், கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்திருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தையை அது பாதிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை தெளிவாகவே அறிவித்திருக்கிறது. டிஸ்பென்சரிக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று துள்ளிக் குதிக்கும் இளைஞர்கள் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எனவே, அமெரிக்கக் குடிமகனாக ஆகும்வரை எந்த மாநிலத்தின் பட்டியலில் உங்கள் நோய் இருந்தாலும் விண்ணப்பிக்காதீர்கள் என்பதே என் கருத்து. வலியில் துடிப்பவரிடம் இப்படிச் சொல்வது கொடுமை என்று எனக்குத் தெரியும். மத்திய அரசு ஒப்புதல் அளித்து, சாதாரண மருந்துச் சீட்டில் பார்மசியிலேயே கிடைக்கும் மருந்துகளை மருத்துவரிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்: கீமோதெரபியால் வரும் குமட்டலுக்கு டிரோனபினால் 1985 முதல் இருக்கிறது, சில அரிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்தே எடுக்கப்பட்ட எபிடியோலெக்ஸ் 2018-இல் ஒப்புதல் பெற்றது. இவற்றுக்குச் சீட்டு இருந்தால் மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே அட்டை வாங்கிவிட்டவர்கள், ஊருக்கு டிக்கெட் போடும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள், கைபேசியையும் திறந்து பார்க்கக் கூடும், டிஸ்பென்சரியின் குறுஞ்செய்திகள் அதில் இருக்கும். அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. அதிகாரியிடம் பொய் சொன்னால் அதுவே தனியாக ஒரு நிரந்தரத் தடையாகிவிடும். மூன்றாம் ஆளை, அது கல்லூரி நண்பரே ஆனாலும், “எனக்குக் கொஞ்சம் வாங்கி வா” என்று நியூஜெர்சிக்கு அனுப்பாதீர்கள். இரண்டு கரையிலும் அனுமதி இருந்தாலும் ஆற்றைத் தாண்டி எடுத்துச் செல்வது மத்தியக் குற்றம்.

மாப்பிள்ளை இப்போது திரும்பி வந்துவிட்டார். தூதரகத்தின் வழியாகச் சிறப்பு விலக்குக் கேட்டு, அது வந்து சேருவதற்குள் பழைய வேலை போயிருந்தது. தலைவலிக்குச் சுமாட்ரிப்டான் மாத்திரை எடுத்துக்கொள்கிறார், சில நாட்களில் கேட்கிறது, சில நாட்களில் திரைச்சீலைதான். அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதாகச் சான்றளித்த மருத்துவமனையிலிருந்து அவருக்கு இன்னும் மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கிறது. அதைத் திறக்காமலே அழித்துவிடுகிறார்.