பல் கேப்பை விழுங்கிவிட்டால்: கூடையோடு ஐந்து நாள்

போன மாதம் ஒரு கமர்கட்டோடு சேர்த்து கடைவாய்ப் பல்லின் கேப்பையும் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) விழுங்கினேன். ரூட் கெனால் முடித்து ஆறாயிரம் ரூபாய்க்கு மாட்டியது. ஐந்தாம் நாள் திரும்பக் கிடைத்தது. எப்படி என்று சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள்.

முதலில் மூச்சைக் கவனியுங்கள். விடாத இருமல், இளைப்பு, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் கேப் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். உடனே 108. பெரும்பாலும் வலப்பக்கக் கிளையில்தான் போய் உட்காரும்; அதுதான் அகலமாகவும் நேராகவும் இறங்குகிறது. இருமல் நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். உள்ளேயே கிடந்து பிறகு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விழுங்கியபோது லேசாகப் புரையேறியிருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எனக்கு இரைப்பையில் வெள்ளையாகத் தெரிந்தது, உள்ளே உலோகம் வைத்த கேப் என்பதால். "எப்பவும் போல சாப்பிடுங்க, தானா வந்துடும்" என்றார் டாக்டர்.

வாந்தி எடுக்க முயலாதீர்கள். பேதி மாத்திரையும் வேண்டாம். அம்மா விளக்கெண்ணெய் பாட்டிலோடு வந்தார், சமாதானம் சொல்லி அனுப்பினேன். பெரும்பாலும் நாலு முதல் ஆறு நாளில் வெளியே வரும், சிலருக்கு நாலு வாரம்கூட ஆகலாம். நடுவில் வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம் என்று எது வந்தாலும் தேடுவதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது தேடுதல். நான் சொதப்பியது இங்கேதான். முதல் இரண்டு நாள் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் மாவுச் சல்லடை. அதன் கண்கள் ரொம்பப் பொடி. நிமிடத்தில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வழிந்து என் காலில் கொட்டியது. கடைசியில் கைகொடுத்தது கீரை அலசும் பிளாஸ்டிக் கூடை. கண்கள் பட்டாணியைவிடச் சின்னதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். டாய்லெட்டில் விழவிடாமல் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பிடியுங்கள். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குச்சியால் கலக்கி, கூடையில் சாய்த்து ஹேண்ட் ஷவரை மெதுவாகத் திறங்கள். வேகமாக அடித்தால் முகத்துக்கு வரும். கிளவுஸ் இரண்டு ஜோடி, மூக்கடியில் கொஞ்சம் விக்ஸ். ஒரு தடவைகூடத் தவறவிடாதீர்கள், தவறினால் மறுபடி எக்ஸ்ரேதான்.

கிடைத்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, டப்பாவில் போட்டு பல் டாக்டரிடம் கொடுங்கள். ஃபெவிக்விக் வைத்து நீங்களே ஒட்டவேண்டாம். அவர் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கருவி) 121 டிகிரியில் கிருமி நீக்கி, விளிம்பு உடைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்டுவார். அருவருப்பாக இருந்தால் புதிதே போட்டுக்கொள்ளலாம். நான் பழையதையே மாட்டிக்கொண்டேன். வீட்டில் என் காபி டம்ளர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.

பின்சேர்க்கை: கம்பி வைத்த பல்செட்டுக்கும் இதே கூடை போதுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது! கம்பி உணவுக்குழாயில் குத்திக் கிழித்துவிடும். அக்ரிலிக் பாகம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், அதனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். அன்றைக்கே எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. வழியில் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் போங்கள். வீட்டில் இன்னொரு பழைய செட் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், கம்பி எந்த வடிவம் என்று டாக்டருக்குக் காட்டலாம்.