வேலூரில் ஒரு நாள்: கோட்டையும் சொந்தக்காரர் வீடும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, வேலூருக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குபவர்களில் பலர் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, மிச்சம் இருக்கும் நேரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுகிறார்கள். அந்தத் திட்டத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மதியச் சாப்பாடு அத்தை வீட்டிலா, பெரியப்பா வீட்டிலா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஓரிடம், பின் ஓரிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஊரின் வெயிலும் இதைத்தான் கேட்கிறது. சுற்றிலும் பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பதினொரு மணிக்கு மேல் நான்கு மணி வரை குழந்தைகளையும் பெரியவர்களையும் வெளியே அலைக்கழிப்பது நல்லதன்று.

மார்கழியும் தையும் வருவதற்கு மிகவும் ஏற்ற மாதங்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்றாலும் வருத்தப்பட வேண்டாம். அது ஆடி மாதம் என்பதால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் ஒரே வேளையில் கிடைக்கும் வாய்ப்பை வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தவறவிடக் கூடாது.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காட்பாடி சந்திப்பில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோவும் பேருந்தும் தாராளமாகக் கிடைக்கும். காரில் வருபவர்கள் வழியில் ஆற்காட்டுக்குள் நுழைந்து மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். நவாபுகளின் ஊரான ஆற்காட்டுக்கே உரிய இனிப்பு அது: கோவாவும் மைதாவும் சேர்த்துப் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம், பிஸ்தா வைத்து, பொரித்துப் பாகில் ஊறப்போடுவார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு விமான நிலையத்துச் சாக்லேட்டைவிட இது மேலானது என்பது என் எண்ணம். இரவு தங்க நினைப்பவர்கள் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளை நம்ப வேண்டாம். மேற்கு வங்கம் முதல் வடகிழக்கு மாநிலங்கள் வரை பல ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்களால் அவை எப்போதும் நிரம்பியிருக்கும். அவர்களுக்கு அந்த இடம் நம்மைவிட அவசியமானது. சத்துவாச்சாரிப் பக்கமோ காட்பாடியிலோ அறை பார்ப்பது நலம்.

காலை எட்டு மணிக்குள் கோட்டைக்குப் போய்விடுங்கள். விஜயநகரப் பேரரசின் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட இந்தக் கோட்டையின் அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் பெரும்பாலோர் நேராகச் சன்னிதிக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் இடப்புறத்துக் கல்யாண மண்டபத்தில் அரை மணி நேரமாவது செலவிடுங்கள். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும் தூண்களாக நிற்க, அண்ணாந்து பார்த்தால் விதானத்தின் நடுவிலுள்ள பூவைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைக் கொத்துகின்றன. ஒவ்வொரு கிளியின் அலகையும் சிறகையும் தனித்தனியாகப் பார்க்கும் அளவுக்கு உளி நுணுகி வேலை செய்திருக்கிறது.

இந்தக் கோயிலுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். போர்களால் வழிபாடு நின்றுபோய், பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமலே இருந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அறுபது வயதைக் கடந்த வேலூர்க்காரர் எவரைக் கேட்டாலும், சாமி இல்லாத கோயிலில் விளையாடிய நாட்களையோ, லிங்கம் வந்த அன்று ஊர் இருந்த இருப்பையோ சொல்வார். அறிவிப்புப் பலகை ஒரு வரியில் முடித்துவிடுவதைப் பாட்டி அரை மணி நேரம் சொல்வார். பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.

1806-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று விடியும் முன்பே இந்தக் கோட்டைக்குள்தான் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறியும் காதணியும் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அதற்கு உடனடிக் காரணமாயின. திப்பு சுல்தானின் குடும்பத்தாரும் அப்போது இங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு இந்தக் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இங்கேயே இறந்தார். அவருடைய நினைவிடமான முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தையும் பார்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை.

பன்னிரண்டு மணிக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருங்கள். வருவதை முதல் நாளே சொல்லி, எத்தனை பேர், யார் யார் சைவம் என்பதையும் தெரிவித்துவிட்டால் சமைப்பவர்களுக்கு உதவியாக இருக்கும். என்ன செய்யட்டும் என்று அத்தை கேட்டால், "உங்களுக்கு எது சௌகரியமோ அது" என்று மழுப்பாமல், முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பு என்று சொல்லுங்கள். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் இந்தக் கத்தரிக்காயின் காம்பிலும் தலைப்பகுதியிலும் முள் இருக்கும். 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இதன் சுவை வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் கத்தரிக்காய்க்கு வராது. வழியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய், இலையில் உட்கார்ந்து பேருக்குக் கொறிக்கும் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள். காலையிலிருந்து அடுப்பங்கரையில் நின்றவர்களின் மனம் நோகும். ஓட்டுநரும் சாப்பிட்டாரா என்று வீட்டார் கேட்பதற்கு முன் நீங்களே அவரை உள்ளே அழைத்து உட்காரவைப்பது அழகு.

வெறுங்கையோடு போகாமல் பழமும் பூவும் வாங்கிச் செல்லுங்கள். பெரியவர்களுக்குப் பணம் கொடுக்க விரும்பினால், வெற்றிலை பாக்கின் மேல் வைத்து, காலில் விழுந்து ஆசி வாங்கும்போது கொடுங்கள். எல்லார் முன்னும் உறையை நீட்டினால் வாங்கிக்கொள்ளக் கூசுவார்கள். "ஏன் நைனா இப்படி இளைச்சிப் போயிட்ட" என்ற விசாரிப்பையும், சம்பளம் எவ்வளவு, அடுத்த குழந்தை எப்போது என்ற கேள்விகளையும் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதற்கு அவர்களிடம் இருக்கும் வழி அதுதான்.

நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது யாரேனும் தவறிய வீடு சொந்தத்தில் இருந்தால், ஊருக்கு வந்ததும் முதலில் அங்கே போய்த் துக்கம் விசாரித்துவிடுங்கள். அதைக் கோயிலுக்கும் விருந்துக்கும் குறித்த நாளோடு சேர்க்காமல் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளியைத் தவிர்க்கும் குடும்பங்கள் உண்டு என்பதால் உள்ளூரில் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அந்த வீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கமில்லை. பேசாமல் எழுந்து வந்துவிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மாலை நான்கரை மணிக்கு மேல் திருமலைக்கோடியிலுள்ள ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் புறப்படலாம். 2007-இல் திறக்கப்பட்ட இந்தக் கோயிலை விளக்கேற்றிய பின் பார்ப்பதே சிறப்பு. நட்சத்திர வடிவில் வளைந்து செல்லும் நடைபாதை நீளமானது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள். கைப்பேசியும் கேமராவும் உள்ளே அனுமதி இல்லை. அரைக்கால் சட்டையும் கூடாது. கூட்டமும் பளபளப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் விரிஞ்சிபுரம். "விரிஞ்சை மதிலழகு" என்று பெரியோர் சொன்ன மார்க்கபந்தீஸ்வரர் கோயில் வேலூரிலிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் உள்ளது. அங்கே அரைவட்டமாக எண்கள் பொறித்த, நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்ணே மணி. வெயில் இருக்கும்போதே போனால்தான் பிள்ளைகளுக்கு அதைச் செய்துகாட்ட முடியும்.

பூர்வீகக் கிராமத்தையும் தேட நினைப்பவர்கள், தாத்தாவின் பத்திரத்தில் உள்ள "வட ஆற்காடு மாவட்டம்" இப்போது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டமாக நின்ற பகுதியிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. கிராமத்தின் பெயரோடு வட்டத்தின் பெயரையும் குறித்துக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் குறையும்.

பெங்களூரு வழியாகத் திரும்புபவர்களுக்கு ஆம்பூர் வழியிலேயே வரும். பிரியாணியை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். சீரகச் சம்பா அரிசியில் செய்ததா என்று கேட்டு, கத்தரிக்காய்த் தொக்கையும் தயிர்ப் பச்சடியையும் மறக்காமல் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.