புயல் கரையைக் கடந்த பிறகு: பழனி மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னதும், அப்பாடா என்று மூச்சு விட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பழனி மலையில், அதாவது கொடைக்கானல் இருக்கும் மலைத்தொடரில் இருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் மாவட்டம் வழியாக மேற்கே நகர்ந்து அரபிக்கடலில் போய் இறங்கியது. நடுவில் கொடைக்கானல். மரங்கள் விழுந்து பாதை அடைபட்டது, மின்சாரம் போனது, மேல்மலைக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. நாகப்பட்டினத்தில் அடிக்கிற புயலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இனி யாரும் கேட்க முடியாது.

தரைக்கு வந்த புயலில் காற்று சீக்கிரம் தளர்ந்துவிடும். ஈரம் அவ்வளவு சீக்கிரம் குறையாது. அந்த ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, மழையாகக் கொட்டித் தீர்க்கும். அதனால் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது மலைக்காரர்களுக்கு உதவாது. திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு என்ன எச்சரிக்கை என்று பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். 2009 நவம்பரில் நீலகிரியை எந்தப் புயலும் நேராகத் தாக்கவில்லை, மழைதான். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அடுத்த தவறு, ரூம் புக் பண்ணியாச்சு, கல்யாணத்துக்குப் போயே ஆகணும் என்று அன்றைக்கு வண்டியை எடுப்பது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டிலிருந்து ஏறினாலும் பழனியிலிருந்து ஏறினாலும் ஒரு பக்கம் வெட்டிய மண், மறுபக்கம் பள்ளம். நடுவழியில் மரம் விழுந்து பாதை அடைத்தால் எல்லோரும் என்ன செய்கிறோம்? மண் சுவரை ஒட்டி வரிசையாக வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி வேடிக்கை பார்க்கிறோம். மேலே ஊறிக்கொண்டிருக்கும் மண்ணுக்கு நேர் கீழே நிற்கிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. திரும்ப இடம் இருந்தால் உடனே திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் மேலே வெட்டுச் சரிவும் பெரிய மரமும் இல்லாத இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். அடைபட்டது வத்தலக்குண்டு பாதை என்றால், பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் அடுக்கம் வழியாகப் போய்விடலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பாதையிலும் மண் சரிவது வழக்கம்தான்.

இந்த மலையில் உயிருக்குப் பெரிய ஆபத்து மண்சரிவுதான். அதைத்தான் நாம் குறைவாகக் கவனிக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண் பகுதி சென்னை மேல் வந்தபோது காற்று கொஞ்ச நேரம் ஓய்ந்தது. பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. மலையில் அந்த ஓய்வு வேறு மாதிரி வரும். மழை விட்டு வெயில் அடிக்கும், மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். மழை நின்று மணிக்கணக்கான பிறகும் சரிவு இறங்கலாம்.

வீட்டுப் பக்கத்து ஓடை நிறைய ஓடினால் பயப்படுகிறோம். கொட்டும் மழையில் அது திடீரென்று குறைந்தால்தான் இன்னும் பயப்பட வேண்டும். மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து அடைத்திருக்கலாம். உடைத்துக்கொண்டு ஒரேயடியாக வரும். தெளிந்த ஊற்று கலங்கலாக வருவது, நேராக நின்ற போஸ்ட் கம்பம் சாய்வது, நேற்றுவரை மூடிய கதவு இன்று சட்டத்தில் சிக்குவது, இதெல்லாம் நிலம் நகர்வதன் அடையாளமாக இருக்கலாம். பாத்திரம் பண்டம் எடுக்க நிற்காமல், ஓடைப் போக்கிலிருந்து விலகிப் பக்கவாட்டில் வெளியேறுங்கள்.

தடுப்புச் சுவரையும் போய்ப் பாருங்கள். கல் கட்டில் இடையிடையே குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். எலி வருகிறது, அசிங்கமாக ஒழுகுகிறது என்று பலர் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரை வயிறு தள்ள வைக்கும், கடைசியில் சுவரோடு வரும். மழைக்கு முன்பே அந்தத் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். கேரட் தழையையும் பீன்ஸ் கொடியையும் வாய்க்காலில் தள்ளுவது இதைவிட மோசம். உங்கள் வாய்க்கால் அடைத்தால் கீழ்ப் படியில் இருப்பவர் வீட்டுக்குள்தான் தண்ணீர் போகும்.

கரண்ட் இல்லாத இரவில் குளிர் எலும்பு வரை ஏறும். அப்போது கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜன்னலை லேசாகத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது போதாது. இன்னொரு கம்பளி போர்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான், வெளியே இருக்கட்டும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக: செல்போன் டவரும் பெட்ரோல் பங்கும் ஏடிஎம்மும் மின்சாரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. முந்தின நாளே சார்ஜ் போட்டு, கையில் கொஞ்சம் பணம் வையுங்கள். விழுந்த மரத்தைத் தாண்டிப் போகாதீர்கள், அதில் கம்பி சிக்கியிருக்கலாம். அறுந்த கம்பி எப்படித் தெரிந்தாலும் மின்சாரம் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு, மின்வாரியத்தின் 94987 94987க்குச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

அப்புறம், தோட்டத்திலோ வீட்டுத் தரையிலோ புது விரிசல் கண்டால் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள். அதன் இரு பக்கமும் ஒரு குச்சி அடித்து, இடைவெளியை அளந்து எழுதி வைத்து, விஏஓவிடம் சொல்லுங்கள். மறுநாள் அளந்து பார்க்கும்போது ஒரு விரல் கூடியிருந்தாலும், அந்த வீட்டில் அன்றிரவு படுக்க வேண்டாம்.