மேலே ஐஸ், கீழே குளிர்ச்சியே இல்லை: ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் என்ன கோளாறு?

ஃப்ரீஸரில் ஐஸ் கட்டுகிறது, கீழ்த்தட்டில் பால் கெட்டுப்போகிறது என்றால், உடனே குளிரூட்டும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உறைபனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் குளிர்ச்சி உருவாவது ஃப்ரீஸரின் பின்பலகைக்குப் பின்னால் உள்ள காயிலில். ஒரு சிறு ஃபேன்தான் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. காயிலை உறைபனி மூடிவிட்டால் காற்றுக்கு வழியில்லை.

முதலில், காற்று வரும் துளைகளைப் பாத்திரங்கள் மறைக்கின்றனவா என்று பாருங்கள். கதவு ஸ்விட்சை விரலால் அழுத்தினால் ஃபேன் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் சரியென்றால் பிளக்கைக் கழற்றி, பொருட்களை எடுத்துவிட்டு, கதவைத் திறந்தே 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணி விரித்து வையுங்கள். கத்தியால் ஐஸைச் சுரண்டவே கூடாது. காயில் ஓட்டையானால் அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, சில நாட்களில் அதே தொல்லை திரும்புகிறதா? காயிலில் படியும் உறைபனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர், அது அதிகம் சூடாகாமல் நிறுத்தும் பைமெட்டல் தெர்மோஸ்டாட், அதைக் குறித்த நேரத்தில் இயக்கும் டைமர் ஆகியவற்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். புது மாடல்களில் டைமருக்குப் பதில் சென்சாரும் எலக்ட்ரானிக் போர்டும் இருக்கும். மல்டிமீட்டர் வைத்துச் சோதித்த பிறகே பாகத்தை மாற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

கதவு ரப்பர் தளர்ந்தாலும் ஈரக்காற்று புகுந்து உறைபனி ஏறும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள்.