பழைய ஃபைபர் படகில் விரிசல்: பட்டி பூசும் முன் செய்ய வேண்டியவை

விரிசலைப் பார்த்ததும் பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடத் தோன்றும். காரணம் உள்ளேயே இருந்தால் அதே கோடு மறுபடியும் எழும்பும். அதனால் முதல் வேலை, அது எவ்வளவு ஆழம், ஏன் வந்தது என்று பார்ப்பது.

தட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் விரிசலைச் சுற்றித் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது நீர் இறங்கியிருக்கலாம். அப்புறம் கூரான சுரண்டியால் கோட்டை V வடிவில் திறந்து பாருங்கள். வெளியே தெரியும் நிறப்பூச்சான ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். விரிசல் அதோடு நின்றால் ஜெல்கோட்டை மட்டும் நிரப்பினால் போதும். கண்ணாடி இழையே வெடித்திருந்தால் கீழே சொல்வதெல்லாம் தேவை. கயிறு கட்டும் கொக்கி, கம்பி ஆகியவற்றின் அடியிலிருந்து நட்சத்திரம் போல விரிசல் கிளம்பினால், அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். உள்பக்கம் தாங்குபலகை வைக்காமல் மேலே பூசிப் பயனில்லை.

சுத்தம் முதலில், உப்புத்தாள் பிறகு. பழைய மெழுகை அதற்கான கரைப்பானால் துடைத்தெடுங்கள். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கி ஒட்டுதலைக் கெடுக்கும். ஈரம் இருந்தால் முழுக்கக் காயும்வரை காத்திருங்கள்.

சரிவாகச் செதுக்குங்கள். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் தயங்குவார்கள். சின்ன விரிசலுக்கு இவ்வளவு பெரிய பள்ளமா என்று தோன்றும். ஆனால் ஒட்டின் பலமே இந்தச் சரிவில்தான் இருக்கிறது. 12-க்கு 1 என்ற கணக்கு வழக்கமானது: சுவர் 5 மி.மீ. தடிமன் என்றால், விரிசலின் இருபுறமும் 60 மி.மீ. தூரத்துக்குச் சரிய வேண்டும். இழைத்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணத் துணி முகமூடி போதாது. வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும்.

அடுக்குகள். செதுக்கிய பள்ளத்தைப் பிசினில் நனைத்த கண்ணாடி இழைத்துணியால் நிரப்ப வேண்டும். பழைய பரப்பில் எப்பாக்ஸி (ஹார்ட்னர் என்ற இறுக்கியோடு கலக்கும் பிசின்) தான் நன்றாகப் பிடிக்கும்; என் தேர்வும் அதுவே. எப்பாக்ஸியுடன் நெய்த துணி அல்லது தைத்த துணி எடுங்கள். சாதாரண 'மேட்' (துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய விரிப்பு) வேண்டாம்; அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்று உள்ளது. எப்பாக்ஸியில் அது சரியாக இளகாது. ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்காதீர்கள். டப்பாவில் உள்ள விகிதம் துல்லியமாக இருக்க வேண்டும். கலவையைக் குவளையில் விட்டுவைக்காமல் அகலமான தட்டில் பரப்புங்கள். குவிந்திருந்தால் சூடேறிப் புகையும். துண்டுகளை ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரிதாக வெட்டி, ஒவ்வொன்றையும் நனைத்து ஒட்டி, காற்றுக்குமிழ் போக ரோலரால் அழுத்துங்கள்.

இறுகியதும் மேலே வழுவழுப்பான படலம் இருக்கலாம். அதைத் தண்ணீரால் கழுவி, பிறகு தேய்த்துச் சமப்படுத்துங்கள். பள்ளம் இருந்தால் இப்போது பட்டி வைக்கலாம்.

நிறமும் மினுமினுப்பும். வெயிலில் வெளுத்த பழைய நிறத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். சுற்றுப்புறத்தைப் பாலிஷ் செய்து, உண்மையான நிறம் தெரிந்த பின் கலவையைப் பொருத்துங்கள். ஜெல்கோட் காற்றுப்பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுப்பாகவே நிற்கும். மெழுகு கலந்த வகையை எடுங்கள், அல்லது மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்துங்கள். நன்றாக இறுகிய பின் தண்ணீர் விட்டு 320, 600, 1000 எண் தாள்களால் வரிசையாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசுங்கள். ஓரங்களில் மட்டும் கை மெதுவாகப் போகட்டும். ஜெல்கோட் அங்கேதான் முதலில் தேய்ந்து போகும்.