இன்டர்காமுக்குத் தனி எர்த் போட்டும் கார்டு ஏன் போகிறது?

சித்திரையில் ஒரு நல்ல இடிமழை பெய்தால் மறுநாள் காலையில் எனக்கு ஓய்வில்லை. லாட்ஜ், கல்யாண மண்டபம், நர்ஸிங் ஹோம் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் பெட்டியைத் திறந்தால் லைன் கார்டில், அதாவது டெலிபோன் வயர்கள் வந்து சேரும் சர்க்யூட் போர்டில், கருகல் வாசனை வரும். "தனி எர்த் போட்டிருக்கோமே சார்" என்பார்கள். கோளாறே அங்கேதான்.

மின்னலில் ஓடுவது ஆயிரக்கணக்கான ஆம்பியர். அதில் 2000 ஆம்பியர் மட்டும் 5 ஓம் உள்ள ஒரு குழியில் இறங்கினாலும், அந்தக் குழி 10,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். டெலிபோன் எர்த் ஒரு குழியிலும் கரண்ட் எர்த் இன்னொரு குழியிலும் இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதையும் தாங்கவேண்டியது நடுவில் மாட்டிய கார்டு. அதனால் தனிக்குழி வெட்டுங்கள், தவறில்லை. ஆனால் அதை பேனல் ரூமில் உள்ள மெயின் எர்த் பட்டையோடு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரால் இணைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கட்டும். பேனலில் கை வைப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை, அதுவும் சப்ளையை நிறுத்திவிட்டு. ஜன்னல் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் எர்த் என்று காட்டுபவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடி வயருக்கும் எம்டிஎஃப்பில் (எல்லா டெலிபோன் வயரும் வந்து சேரும் பெட்டி) மூன்று கால் கேஸ் ட்யூப் வேண்டும். வோல்ட் அளவு மீறினால் லைனை எர்த்தில் இறக்கிவிடும் சின்னக் குழல் அது. 230 வோல்ட் ட்யூப் கேட்டு வாங்குங்கள். 90 வோல்ட் வேண்டாம்: மணி அடிக்கும்போது 48 வோல்ட் டிசி மேல் 75 வோல்ட் ஏசி ஏறும், உச்சத்தில் 150ஐத் தாண்டும். ஒவ்வொரு மணிக்கும் 90 வோல்ட் ட்யூப் லைனை எர்த்தில் இறக்கிவிடும்.

ட்யூபிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் வயரை அழகுக்காகச் சுருட்டிக் கட்டாதீர்கள். மின்னல் ஒரு மைக்ரோ செகண்டில் 1000 ஆம்பியர் ஏறினால், வயரின் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 1000 வோல்ட் நிற்கும். அரை மீட்டருக்குள், நேராக, வளைவில்லாமல் முடித்துவிடுங்கள்.

எல்லாரும் மறப்பது எக்ஸ்டென்ஷனை, அதாவது பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறை போனுக்கும் போகும் லைனை. ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன் அறைக்குத் தென்னை மரத்தில் கட்டி வயர் இழுத்திருந்தார்கள். வெளி லைன்களுக்கெல்லாம் ட்யூப் இருந்தது, இதற்கு மட்டும் இல்லை. "உள் லைன்தானே" என்றார் மேனேஜர். கட்டடத்தை விட்டு ஓர் அடி வெளியே போனாலும் அது வெளி லைன்தான். இரண்டு முனையிலும் ட்யூப் போடவேண்டும். அந்த ஒரு வயர், எட்டு எக்ஸ்டென்ஷனுக்கான கார்டு ஒன்றையே கொண்டுபோனது.

பங்குனியிலும் புரட்டாசியிலும் எர்த் டெஸ்டரால் ஒருமுறை குழியை அளந்துவிடுங்கள். கோடையில் குழி காய்ந்தால் ஓம் ஏறும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ட்யூப் செத்தாலும் போன் வேலை செய்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. பெரிய இடி விழுந்த சீசன் முடிந்ததும் எல்லா ட்யூபையும் மாற்றிவிடுவேன். ஆனால் இடி முழங்கும்போது மட்டும் எம்டிஎஃப் கதவையே தொடமாட்டேன், யார் கூப்பிட்டாலும் சரி.