உக்ரேன் போரைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

திருகோணமலைக்காரருக்கு ஏகாதிபத்தியம் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். 1782 என்ற ஒரே வருடத்தில் துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், பிறகு பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. ஆனாலும் உக்ரேன் என்று பேச்சு எழுந்தால், தேத்தண்ணிக் கடையிலும் வட்ஸ்அப் குழுவிலும் அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, ஏகாதிபத்தியம் என்றால் அமெரிக்கா மட்டும்தான் என்ற நினைப்பு. 2003இல் ஈராக்குக்குள் அமெரிக்கா புகுந்தது அநியாயம்தான். அதற்காக உக்ரேன் தலைநகர் கீவில் விழும் ஏவுகணை நியாயமாகிவிடுமா? ரஷ்யாவும் ஊர் ஊராகப் பிடித்து வளர்ந்த பேரரசுதான். நம் துறைமுகத்துக்கு ஐரோப்பியர் அடிபட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1783இல், ரஷ்யாவின் இரண்டாம் கத்தரீன் மகாராணி கருங்கடல் கரையிலுள்ள கிரிமியாவைத் தன் ராஜ்யத்தோடு இணைத்தார். அங்கே வாழ்ந்த தாத்தார் மக்களை 1944இல் ஸ்டாலின் மொத்தமாகக் கிளப்பி மத்திய ஆசியாவுக்கு ரயிலேற்றினார். 2014இல் ரஷ்ய ஜனாதிபதி புட்டின் அதே கிரிமியாவை உக்ரேனிடமிருந்து பறித்து மறுபடியும் இணைத்துக்கொண்டார். கப்பலில் வந்தால் ஏகாதிபத்தியம், பக்கத்து வீட்டு வேலியை அரக்கினால் அது வேறு விஷயம் என்று நமக்கு ஒரு கணக்கு.

அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ இராணுவக் கூட்டணி விரிந்ததால்தான் போர் என்பதும் பாதிக் கதை. உக்ரேன் ஒருநாள் எங்களோடு சேரும் என்று நேட்டோ 2008இல் அறிவித்தது உண்மை, மொஸ்கோவுக்கு அது பிடிக்காததும் உண்மை. ஆனால் ரஷ்யாவோடு 1,300 கிலோமீற்றருக்கு மேல் எல்லை கொண்ட பின்லாந்து 2023இல் நேட்டோவில் சேர்ந்தபோது எந்தப் படையெடுப்பும் நடக்கவில்லை. மீதிக் கதை 2021 ஜூலையில் புட்டின் தன் பெயரில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இருக்கிறது. ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே மக்கள் என்கிறார். 1991 டிசம்பரில் வாக்களித்த உக்ரேனியரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தனிநாடு கேட்டது அவருக்குப் பொருட்டில்லை.

எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது இது: “ரஷ்யச் சனம் முழுக்க புட்டின் பக்கம்தானே, கருத்துக்கணிப்பைப் பாருங்கோ.” சரி, பார்ப்போம். அலெக்செய் கோரினோவ் மொஸ்கோவில் ஒரு வட்டார மன்ற உறுப்பினர். 2022 மார்ச்சில் மன்றக் கூட்டமொன்றில் சிறுவர் ஓவியப் போட்டி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. உக்ரேனில் பிள்ளைகள் சாகிறபோது இங்கே ஓவியப் போட்டியா என்று கேட்டார். நடப்பதைப் போர் என்றே சொன்னார். ஜூலையில் 7 வருடச் சிறை. வெறும் வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவர்களையும் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. அப்படியான இடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் ‘போரை ஆதரிக்கிறீர்களா’ என்றால் என்ன பதில் வரும்? 2006இல் நம் வாசலுக்கு யாராவது வந்து அரசாங்கத்தைப் பற்றியோ புலிகள் இயக்கத்தைப் பற்றியோ கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தால் போதும். போருக்கு ஆதரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. எவ்வளவு என்று அறியும் வழியை அந்த அரசாங்கமே அடைத்துவிட்டது.

போர்முனைக்குப் போகிறவர்களையும் கவனியுங்கள். ரஷ்யாவின் புரியாத்தியா, துவா போன்ற தூரத்து ஏழைப் பிரதேசங்களின் சிறுபான்மைப் பையன்கள், காசுக்காக ஒப்பந்தம் எழுதியவர்கள், சிறையிலிருந்து எடுக்கப்பட்ட கைதிகள். அப்புறம் நம் நாட்டின் ஓய்வுபெற்ற படையினர். பின்தளத்தில் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அனுப்பப்பட்ட பலர் போய் இறங்கியது முன்னரங்கில் என்பது 2024இல் வெளிவந்தது. சிலர் திரும்பவே இல்லை.

ஒற்றை ஆள் முடிவெடுத்தால் காரியம் சட்டென்று முடியும் என்ற மயக்கத்துக்கு இலங்கையில் எப்போதும் ஆட்கள் உண்டு. 2022 பெப்ரவரி 21இல் புட்டின் தன் பாதுகாப்புச் சபைக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார். வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் நரிஷ்கின் நா தடுமாறுகிறார், புட்டின் நேராகப் பேசச் சொல்லி அதட்டுகிறார். உளவுத் தலைவருக்கே வாய் குழறும் சபையில், கீவ் விழாது என்று யார் சொல்வது? கீவை நெருங்கிய படை ஏப்ரல் தொடக்கத்திலேயே பின்வாங்கியது.

நம் கதையை அப்படியே அங்கே ஒட்டுவதும் நடக்கிறது. கிழக்கு உக்ரேனில் உள்ள தொன்பாஸின் ரஷ்ய மொழிக்காரர் நம்மைப் போன்றவர்கள், மொஸ்கோ அவர்களைக் காப்பாற்ற வந்தது என்கிறார்கள். மொழி பற்றிய மனக்குறை அங்கே இருந்தது பொய்யல்ல. ஆனால் மாரியுபோல் பெரும்பாலும் ரஷ்ய மொழி பேசிய நகரம். அதைத்தான் ரஷ்யக் குண்டுகள் தரைமட்டமாக்கின. பிடித்த இடங்களில் ரஷ்யக் குடியுரிமை எடுக்காதவர்களை வெளிநாட்டவராகக் கருதி வெளியேற்றலாம் என்று 2023இல் ஆணையும் வந்தது.

மறுபக்கத்தில், கண்ணில் படுவதையெல்லாம் ஏகாதிபத்தியம் என்று ஒரே கணக்கில் எழுதுவது. திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ ஒரு கூட்டு நிறுவனத்துக்கு 50 வருடம் கொடுக்கும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. 51 சதவீதம் நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 49 சதவீதம் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு. இதை மாரியுபோலோடு ஒன்றாக்கிப் பேசினால் இரண்டும் விளங்காது. இங்கே கேட்க வேண்டியவை வேறு: பாராளுமன்றம் நினைத்தால் இடையில் நிறுத்த முடியுமா, இலாபம் எப்படிப் பிரிகிறது, ஒப்பந்தம் முழுவதையும் தமிழில் எங்கே வாசிக்கலாம். 2006இல் சனம் இடம்பெயர்ந்து பிறகு மின்நிலையத்துக்கென்று காணி எடுக்கப்பட்ட சம்பூரில் என்றால், கையெழுத்துக்கு முன் காணிக்காரரை யாராவது கேட்டார்களா என்பதும்.